‘ஆயுள் முழுவதும்’ என்றால் யாருடைய ஆயுள்?

வாகன நிறுத்துமிடத்தில் சொகுசு கார் ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். நான்கு டயர்களிலும் காற்று இருக்கும். ஆனால் முன்பக்க மூலை ஒன்று மட்டும் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டதுபோல் தாழ்ந்திருக்கும். அந்தக் காரை யாரும் மோதவில்லை. அதன் அடியில் இருக்கும் ரப்பர் பை ஒன்றிலிருந்து இரவோடு இரவாகக் காற்று கசிந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கசிவைச் சரிசெய்ய ஆகும் செலவோ ஒருவரின் மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடக்கூடும். உத்தரவாதம் இருக்கிறதா என்று கேட்டால், “அது போன வருடமே முடிந்துவிட்டதே” என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

உத்தரவாதம் முடிந்த பிறகுதான் பழுதுகள் வரிசைகட்டி வருகின்றன என்று சொகுசு கார் வைத்திருப்போர் குறைப்பட்டுக்கொள்வது வழக்கம். சிலர் இதைத் துரதிர்ஷ்டம் என்பார்கள். சிலர் நிறுவனங்களின் சதி என்பார்கள். இரண்டும் இல்லை என்பது என் கருத்து. ஒரு ரப்பர் பை ஏறக்குறைய எத்தனை ஆண்டு தாங்கும், ஒரு பிளாஸ்டிக் பாகம் எப்போது நொறுங்கத் தொடங்கும் என்பதையெல்லாம் மதிப்பிட அறிவியலில் வழி இருக்கிறது. தயாரிப்பாளர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் உத்தரவாதக் காலத்தை முடிவு செய்கிறார். வாங்குபவருக்கு விடை மட்டும் தெரிகிறது; கணக்கு தெரிவதில்லை. அந்தக் கணக்கையும் வாங்குபவரிடம் காட்ட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பணக்காரர் பிரச்சினை நமக்கு எதற்கு?

“சொகுசு கார் வாங்குபவரிடம் பணம் இருக்கிறது. அவர் செலவு செய்துகொள்ளட்டும்” என்று நீங்கள் நினைக்கலாம். அதில் இரண்டு விஷயங்கள் விடுபட்டுப் போகின்றன.

முதலாவது, அந்தக் காரின் முதல் உரிமையாளர் வேறு, மூன்றாவது உரிமையாளர் வேறு. மலேசியாவில் புதிய சொகுசு செடான் ஒன்றின் விலை சில லட்சம் ரிங்கிட். ஏறக்குறைய பத்து ஆண்டுகள் ஓடிய அதே கார், புதிய பெரோடுவா அல்லது புரோட்டோன் கார் ஒன்றின் விலைக்கே கிடைத்துவிடும். “அந்த விலைக்குப் பெரிய காரே வாங்கிவிடலாமே” என்று ஆசைப்படும் நடுத்தரக் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. காரின் விலை குறைகிறது; ஆனால் அதன் உதிரிப் பாகங்களின் விலை அதே அளவில் குறைவதில்லை. சில லட்சம் ரிங்கிட் காருக்காகச் செய்யப்பட்ட பாகத்தை, சில பத்தாயிரம் ரிங்கிட் கொடுத்துக் கார் வாங்கியவர் வாங்கிப் பொருத்த வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, இன்று சொகுசு காரில் வருவது நாளை எல்லாக் கார்களிலும் வரும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் 1978இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் செடானில் வந்தது. 1981இல் அதே வரிசைக் காரில் காற்றுப்பை வந்தது. இன்று பெரோடுவா மைவியிலும் இவை இரண்டும் உண்டு. நன்மைகள் மேலிருந்து கீழே இறங்கி வருவதுபோல, பழுதுபார்க்கும் சிக்கல்களும் இறங்கி வரும். கணினி இல்லாத கார் ஒன்றை உங்கள் தலைமுறை ஓட்டப்போவதில்லை. ஆகவே இது பணக்காரர் பிரச்சினை அல்ல. உங்களுக்குச் சற்று முன்னதாகவே அவர்களுக்கு வந்துவிட்ட பிரச்சினை.

ரப்பர் பையும் ஓசோனும்

சாய்ந்து நிற்கும் அந்தக் காரிலிருந்தே தொடங்குவோம். சாதாரணக் காரின் எடையை எஃகுச் சுருள்வில் தாங்குகிறது. பல சொகுசு செடான்களில் அந்த வேலையை அழுத்தப்பட்ட காற்று அடைத்த ரப்பர் பைகள் செய்கின்றன. 1998இல் வெளிவந்த எஸ்-கிளாஸ் இந்த ஏர் சஸ்பென்ஷனை எல்லா மாடல்களிலும் பொருத்தி வந்தது. மின்சாரத்தில் இயங்கும் ஒரு கம்பிரசர் காற்றை அழுத்தி அனுப்பும். காரின் உயரத்தை உணரிகள் அளக்கும். பள்ளம் மேடு தெரியாமல் பயணம் மிதப்பதுபோல் இருக்கும்.

ரப்பரைப் பற்றி நம் நாட்டில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நம்மில் பலரின் தாத்தா பாட்டி ரப்பர் மரம் சீவியவர்கள். ஆனால் அவர்கள் எடுத்த அந்தப் பாலின் மூலக்கூற்றில் ஒரு பலவீனம் இருக்கிறது. ரப்பரின் நீண்ட கார்பன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஓசோன் வாயு அந்தப் பிணைப்புகளைத் தாக்கி அறுக்கிறது. ரப்பர் இழுபட்ட நிலையில் இருந்தால், இழுவிசைக்குக் குறுக்காக மெல்லிய வெடிப்புகள் தோன்றும். பழைய டயரின் பக்கவாட்டில் நீங்கள் பார்க்கும் வெடிப்புகளுக்கு இதுவும் ஒரு காரணம். இதைத் தாமதப்படுத்த ரப்பரோடு சில வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். தாமதப்படுத்தத்தான் முடியும், தடுத்து நிறுத்த முடியாது.

வெடிப்பு விழுந்த பையிலிருந்து காற்று மெல்லக் கசியும். கார் தாழ்வதை உணரி கண்டுபிடித்துக் கம்பிரசரை இயக்கும். ஒரு நாளில் சில நிமிடங்கள் மட்டும் ஓட வேண்டிய கம்பிரசர் இப்போது அடிக்கடி ஓடிச் சூடாகும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் வேறு அதிகம். உள்ளே போகும் காற்றை உலர்த்தும் பொருளும் நாளடைவில் தன் வேலையைச் செய்ய முடியாமல் போகும். கடைசியில் கம்பிரசரே எரிந்துவிடும். ஒரு பையை மாற்றியிருந்தால் முடிந்திருக்க வேண்டிய வேலை, இரண்டு பாகங்களை மாற்றும் வேலையாகிவிடும். சிறு பழுது பெரும் பழுதைப் பெற்றெடுக்கும் என்பதை மெக்கானிக்குகள் அனுபவத்தில் அறிவார்கள். உரிமையாளருக்குக் கொடுக்கும் புத்தகத்தில் அதை யாரும் எழுதி வைப்பதில்லை.

வெப்பம் கணக்கு வைத்துக்கொள்கிறது

இன்ஜின் பகுதியிலும் இதே கதைதான். எடையைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்த, முன்பு உலோகத்தில் செய்த பல பாகங்களை இப்போது கண்ணாடி இழை கலந்த நைலானில் செய்கிறார்கள். ரேடியேட்டரின் இரு ஓரத் தொட்டிகள், குளிர்விப்பு நீர்க் குழாய்களின் இணைப்புகள் போன்றவை அவற்றில் சில. இந்த நைலான் வலிமையானது, இலேசானது. ஆனால் சூடான நீரும் கிளைக்கால் திரவமும் ஆண்டுக்கணக்கில் படும்போது அதன் சங்கிலி மூலக்கூறுகள் மெல்ல அறுபடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஒரு நாள் கையால் தொட்டதும் முறுக்குபோல நொறுங்கும். குளிர்விப்பு நீர் வழிந்தோடி, ஓட்டுநர் கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜினே பாழாகிவிடும்.

இதன் வேகத்தை எது முடிவு செய்கிறது? வேதியியலில் வினை வேகம் பற்றிப் படிப்பவர்களுக்கு விடை தெரியும். சுவீடனைச் சேர்ந்த ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1889இல் வெப்பநிலைக்கும் வினை வேகத்துக்கும் உள்ள தொடர்பை விளக்கினார். பொறியாளர்கள் அதிலிருந்து ஓர் எளிய தோராய விதியை வைத்திருக்கிறார்கள்: வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் பல வினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும். அப்படியானால் 30 டிகிரி உயர்ந்தால்? 2 × 2 × 2, அதாவது எட்டு மடங்கு. ஒரு பாகம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட, எவ்வளவு வெப்பத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

உத்தரவாதமோ ஆண்டையும் கிலோமீட்டரையும்தான் எண்ணுகிறது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு கார்கள், இரண்டும் 10,000 கிலோமீட்டர் ஓடியவை. ஒன்று நெடுஞ்சாலையில் சராசரியாக மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. அதன் இன்ஜின் இயங்கிய நேரம் சுமார் 111 மணி. இன்னொன்று கோலாலம்பூர் நெரிசலில் சராசரியாக மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது. அதன் இன்ஜின் இயங்கிய நேரம் 500 மணி. இரண்டு காரின் மீட்டரும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆனால் இரண்டாவது காரின் இன்ஜின் நான்கரை மடங்கு நேரம் உழைத்திருக்கிறது. அதுவும் எதிர்க்காற்று இல்லாமல், மூடிய பெட்டிக்குள் வெந்துகொண்டு உழைத்திருக்கிறது. நம் நகரத்துக் கார்களில் பல இந்த இரண்டாவது வகை. குளிர்நாட்டு நெடுஞ்சாலையில் ஓடும் காருக்கும் இதற்கும் ஒரே பராமரிப்பு அட்டவணை பொருந்துமா?

பேட்டரியிலும் கைவைத்துப் பார்க்கலாம். 2016 வாக்கில் மின்னேற்றம் செய்யும் ஹைபிரிட் சொகுசு செடான்கள் மலேசியாவில் விற்பனைக்கு வந்தன. மெர்சிடிஸ் சி 350 இ பகாங்கின் பெக்கானிலும், பிஎம்டபிள்யூ 330இ கெடாவின் கூலிமிலும் பொருத்தப்பட்டன. முதல் காரின் பேட்டரி 6.2 கிலோவாட் மணி, இரண்டாவதன் பேட்டரி 7.6 கிலோவாட் மணி கொள்ளளவு கொண்டவை. இன்றைய முழு மின்சாரக் கார்களோடு ஒப்பிட்டால் இவை மிகச் சிறியவை. சிறிய பேட்டரியை அடிக்கடி நிரப்பி அடிக்கடி காலியாக்க வேண்டும். லித்தியம் அயன் பேட்டரி இரண்டு வழிகளில் மூப்படைகிறது: எத்தனை முறை நிரம்பிக் காலியானது என்பது ஒன்று, சும்மா இருந்தாலும் காலத்தாலும் வெப்பத்தாலும் வரும் மூப்பு இன்னொன்று. ஆகவே, மீட்டரில் கிலோமீட்டர் குறைவாகக் காட்டும் பழைய ஹைபிரிட் காரின் பேட்டரி இளமையாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்தப் பேட்டரிக்குத் தனி உத்தரவாதம் இருக்கும். பயன்படுத்திய காரை வாங்குபவர், அதில் எத்தனை மாதம் மிச்சமிருக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

குளியல் தொட்டி வளைவு

இப்போது உத்தரவாதத்துக்கு வருவோம். ஒரே வகையான ஆயிரம் பாகங்களை எடுத்துக்கொண்டு, காலம் போகப் போக எத்தனை பழுதாகின்றன என்று வரைபடம் வரைந்தால் ஒரு வடிவம் கிடைக்கும். தொடக்கத்தில் பழுது அதிகம். தொழிற்சாலையில் சரியாகச் செய்யப்படாதவை அப்போதே கழிந்துவிடும். பிறகு நீண்ட காலத்துக்குப் பழுது குறைவாக, சமமாக இருக்கும். கடைசியில் தேய்மானம் தொடங்கி வளைவு மேலே ஏறும். பார்ப்பதற்குக் குளியல் தொட்டியைக் குறுக்கே வெட்டியதுபோல் இருப்பதால் பொறியாளர்கள் இதைக் குளியல் தொட்டி வளைவு என்கிறார்கள். இத்தகைய பழுதுகளைக் கணிக்கும் புள்ளியியல் முறை ஒன்றை 1951இல் வாலோடி வைபுல் என்ற சுவீடன் பொறியாளர் விரிவாக விளக்கினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

மலேசியாவில் புதிய சொகுசு கார்களுக்குப் பெரும்பாலும் 4 அல்லது 5 ஆண்டு உத்தரவாதம் தரப்படுகிறது. வளைவைப் பார்த்தால் காரணம் புரியும். அந்த ஆண்டுகளில் தொட்டியின் இடது கரையும் அடிப்பகுதியும் அடங்கிவிடும். வலது கரை ஏறத் தொடங்கும் காலம் உத்தரவாதத்துக்கு வெளியே நிற்கும். இதில் தவறு ஒன்றும் இல்லை. எந்தப் பொருளும் தேயத்தான் செய்யும். என்றென்றைக்கும் இலவசமாகப் பழுதுபார்த்துத் தரும்படி யாரையும் கேட்க முடியாது. ஆனால் வலது கரை எங்கே தொடங்குகிறது என்பது தயாரிப்பாளருக்குத் தெரிந்திருக்கும்போது, அதை வாங்குபவரிடமிருந்து மறைப்பது நியாயமா?

எண்ணெயின் ஆயுள்

இந்த மறைப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு ஒரே ஒரு சொல்தான்: ‘ஆயுள் முழுவதும்’. பல சொகுசு கார்களின் தானியங்கி கியர் பெட்டியில் இருக்கும் எண்ணெயை மாற்றவே வேண்டாம், அது ஆயுள் முழுவதும் வரும் என்று கார் நிறுவனங்கள் சொல்லி வந்தன. பிஎம்டபிள்யூ உட்படப் பல கார்களுக்குக் கியர் பெட்டி செய்து தரும் நிறுவனம் ஜெர்மனியின் இசட்எஃப். அந்த நிறுவனமோ, பயன்பாட்டைப் பொறுத்து 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுகளில் எண்ணெயை மாற்றும்படி பரிந்துரைக்கிறது. பெட்டியைச் செய்தவர் மாற்றச் சொல்கிறார். அதை வாங்கிக் காரில் பொருத்தியவர் தேவையில்லை என்கிறார்.

யார் சொல்வது சரி? இருவரும் ‘ஆயுள்’ என்ற சொல்லுக்கு வேறு வேறு பொருள் கொள்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதல் உரிமையாளர் காரை வைத்திருக்கும் காலத்தை ஆயுள் என்று எண்ணினால், எண்ணெயை மாற்ற வேண்டியதில்லை. பராமரிப்புச் செலவு குறைவு என்று விளம்பரமும் செய்யலாம். கார் உண்மையில் ஓடக்கூடிய 15 அல்லது 20 ஆண்டுகளை ஆயுள் என்று எண்ணினால், எண்ணெயை மாற்றியே ஆக வேண்டும். வெப்பத்தில் எண்ணெய் ஆக்சிஜனேற்றம் அடையும். தேய்ந்த துகள்கள் அதில் சேரும். ‘ஆயுள்’ என்ற சொல்லை நம்பிய இரண்டாவது, மூன்றாவது உரிமையாளரின் தலையில்தான் கியர் பெட்டிச் செலவு வந்து விழும். அறிவியலில் அலகு இல்லாத எண்ணுக்கு மதிப்பெண் கிடையாது. அப்படியிருக்க, எண்ணே இல்லாத இந்தச் சொல்லுக்கு மட்டும் ஏன் சலுகை?

எண்ணிக்கொண்டே இருந்த பிரேக்

ஒரு பாகத்தின் ஆயுளைத் தயாரிப்பாளரால் துல்லியமாகச் சொல்ல முடியாது என்பவர்கள் ஒரு பிரேக்கின் கதையைக் கேட்க வேண்டும். 2002இல் வந்த மெர்சிடிஸ் இ-கிளாஸ் செடானில், மிதிகட்டையை அழுத்தினால் கணினி அதை அளந்து, மின்சாரப் பம்பு சேர்த்து வைத்த அழுத்தத்தைக் கொண்டு பிரேக் பிடிக்கும் முறை இருந்தது. அதன் பெயர் சென்சோட்ரானிக் பிரேக் கட்டுப்பாடு. அந்தப் பம்பின் மோட்டார் ஒவ்வொரு முறை இயங்கும்போதும் தேயும் என்பது வடிவமைத்தவர்களுக்குத் தெரியும். எனவே பிரேக் எத்தனை முறை பிடிக்கப்பட்டது என்று கணினியே எண்ணிக்கொண்டு வந்தது. குறித்த எண்ணிக்கையை எட்டியதும் எச்சரிக்கை வரும். அந்தப் பாகத்தை முழுதாக மாற்ற வேண்டும்.

பாதுகாப்பு நோக்கில் பார்த்தால் இது நல்ல பொறியியல். ஆனால் அதற்கான செலவு பெரியது. 2004இல் இந்தப் பிரேக் தொடர்பாக 680,000 கார்களை நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிபார்த்தது. 2006இல் புதுப்பிக்கப்பட்ட இ-கிளாஸ் வழக்கமான பிரேக் முறைக்கே திரும்பியது. பின்னாளில் அமெரிக்காவில் இந்தப் பாகத்துக்கான உத்தரவாதத்தை நிறுவனம் 25 ஆண்டுகளாக நீட்டித்தது. இதிலிருந்து நாம் இரண்டு பாடங்கள் படிக்கலாம். ஒரு பாகத்தின் ஆயுளை எண்ணால் சொல்ல முடியும். அந்த எண்ணுக்குத் தயாரிப்பாளர் பொறுப்பேற்கவும் முடியும்.

பூட்டி வைத்த கணினி

உத்தரவாதம் முடிந்ததும் பலர் தங்கள் ஊர்ப் பட்டறைக்குப் போகிறார்கள். அங்கே அடுத்த தடை காத்திருக்கிறது. காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஊசிகள் கொண்ட ஓர் இணைப்பான் இருக்கும். அதில் கருவியைச் செருகினால் கார் தன் நோயைக் குறியீடாகச் சொல்லும். எடுத்துக்காட்டாக, பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். புகை வெளியீடு தொடர்பான இத்தகைய குறியீடுகள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானவை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் ஏர் சஸ்பென்ஷன், கதவு, காற்றுப்பை, பேட்டரி மேலாண்மை போன்றவற்றில் நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி மொழி வைத்திருக்கின்றன.

சாதாரண 12 வோல்ட் பேட்டரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பல பிஎம்டபிள்யூ கார்களில் புதிய பேட்டரியைப் பொருத்தினால் மட்டும் போதாது. மாற்றிவிட்டோம் என்று கணினியில் பதிவு செய்யவும் வேண்டும். இல்லையென்றால் கணினி புதிய பேட்டரியைப் பழையது என்றே எண்ணி மின்னேற்றும். இதற்கு நியாயமான காரணம் உண்டு: பேட்டரி மூப்படைய மூப்படைய மின்னேற்றும் விதத்தை மாற்ற வேண்டும். ஆனால் பதிவு செய்யும் கருவி பட்டறையில் இல்லாவிட்டால், பத்து நிமிட வேலைக்கும் வாடிக்கையாளர் அதிகாரப்பூர்வச் சேவை மையத்துக்கே போக வேண்டும். கைத்திறன் உள்ள மெக்கானிக் கருவி இல்லாமல் தோற்றுப்போகிறார். பள்ளி முடித்துத் தொழிற்கல்லூரியில் வாகனத் தொழில்நுட்பம் படிக்கப்போகும் உங்களில் சிலரின் பிழைப்பும் இதில் அடங்கியிருக்கிறது.

மற்ற நாடுகள் கைகட்டி நிற்கவில்லை. பழுதுபார்ப்புத் தகவல்களைத் தனியார் பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2007இலேயே விதி செய்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் வாகனங்களுக்குப் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அதை விரிவுபடுத்த 2020இல் வாக்கெடுப்பு நடந்தபோது நான்கில் மூன்று பங்கு வாக்காளர்கள் ஆதரித்தார்கள். அண்டை நாடான சிங்கப்பூரில், வெளிப் பட்டறையில் பராமரித்தால் உத்தரவாதம் செல்லாது என்ற நிபந்தனையைக் கார் விற்பனை நிறுவனங்கள் நீக்குவதாக 2017இல் போட்டித்தன்மை ஆணையம் அறிவித்தது. வெளிப் பட்டறை செய்த தவறால்தான் பழுது வந்தது என்றால் நிறுவனம் மறுக்கலாம். வெளியே போனதற்காக மட்டும் மறுக்கக்கூடாது. இது நியாயமான கோடு.

மறுதரப்பின் வாதம்

நிறுவனங்களின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிரேக், காற்றுப்பை போன்றவற்றின் கணினியைத் திறந்துவிட்டால் தெரியாதவர் கை வைத்து உயிருக்கு ஆபத்து வரலாம். திருடர்கள் சாவிக் குறியீட்டை எடுத்துவிடலாம். எண்ணெயே மாற்றாமல் காரை ஓட்டிவிட்டு உத்தரவாதம் கேட்டு வருவோரும் இருக்கிறார்கள். ஒரு பாகம் 8 ஆண்டு வரும் என்று எழுதிக்கொடுத்தால், ஏழாவது ஆண்டில் பழுதானவர் வழக்குப் போடுவார் என்ற அச்சமும் இருக்கும்.

இவற்றுக்கு விடை இருக்கிறது. திருட்டுத் தடுப்புப் பகுதியை மட்டும் பூட்டி வைக்கலாம். எல்லாக் கதவுகளையும் பூட்டத் தேவையில்லை. பயிற்சி பெற்ற, பதிவு செய்த பட்டறைகளுக்கு மட்டும் பாதுகாப்புப் பகுதியைத் திறக்கலாம். பாகத்தின் ஆயுளைச் சராசரியாக, எல்லை குறித்துச் சொல்லலாம். மருந்துக் குப்பியில் காலாவதி தேதி போடுகிறார்கள். மின்விளக்குப் பெட்டியில் எத்தனை மணி நேரம் எரியும் என்று போடுகிறார்கள். பத்து ரிங்கிட் விளக்குக்கு முடிவது பல ஆயிரம் ரிங்கிட் கம்பிரசருக்கு முடியாதா?

என்ன கேட்க வேண்டும்?

என் கருத்தில், கார் விற்போரிடம் நாம் மூன்றைக் கேட்க வேண்டும். ஒன்று, விலை உயர்ந்த முக்கியப் பாகங்கள் நம் நாட்டு வெப்பத்திலும் நெரிசலிலும் சராசரியாக எத்தனை ஆண்டு வரும் என்ற பட்டியல். இரண்டு, ‘ஆயுள் முழுவதும்’ என்ற சொல் எங்கே வந்தாலும் அதற்குப் பக்கத்தில் ஓர் எண். மூன்று, நியாயமான கட்டணத்தில் தனியார் பட்டறைகளுக்கும் பழுதுபார்ப்புத் தகவல்.

சட்டமும் நமக்குக் கொஞ்சம் துணை நிற்கிறது. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அந்தத் தரத்தில் நீடித்து உழைப்பதும் அடங்கும். பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலம்வரை கிடைக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே கொண்டுபோகலாம். ஆனால் ‘நியாயமான காலம்’ எத்தனை ஆண்டு என்று அங்கே வாதிட வேண்டுமானால், பாகத்தின் எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் நம் கையில் இருக்க வேண்டும். அந்த எண் நிறுவனத்திடம் மட்டும் இருந்தால், பயனீட்டாளர் கண்ணைக் கட்டிக்கொண்டு வாதாட வேண்டியதுதான்.

மாணவர்களே, இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. வீட்டில் கார் இருந்தால், அது எந்தக் காராக இருந்தாலும், உரிமையாளர் கையேட்டையும் உத்தரவாதப் புத்தகத்தையும் எடுத்துப் படியுங்கள். எவை உத்தரவாதத்தில் அடங்கா என்ற பட்டியலைத் தேடுங்கள். ‘ஆயுள்’ என்ற சொல் வருகிறதா என்று பாருங்கள். கடுமையான பயன்பாடு என்று எதைச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். பல கையேடுகளில் நெரிசலும் வெப்பமும் அந்தப் பட்டியலில் இருக்கும். இருந்தால், எண்ணெய் மாற்றும் இடைவெளியையும் குறைக்கச் சொல்லியிருப்பார்கள்.

அப்பாவோ மாமாவோ பழைய சொகுசு செடான் ஒன்றைப் பார்க்கக் கிளம்பினால் கூடவே போங்கள். முந்தைய இரவு முழுவதும் நிறுத்தி வைத்த காரை, இன்ஜினை இயக்குவதற்கு முன் சமதளத்தில் நின்று பாருங்கள். நான்கு மூலைகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா? கியர் பெட்டி எண்ணெயை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு பட்டறையில் கணினிச் சோதனை செய்யச் சொல்லுங்கள். “மாற்றவே தேவையில்லை தம்பி, ஆயுள் முழுவதும் வரும்” என்று விற்பவர் சொன்னால், “யாருடைய ஆயுள், அங்கிள்?” என்று மரியாதையோடு கேளுங்கள். அவர் ஓர் எண்ணைச் சொல்லும்வரை அப்பாவின் பணம் பையிலேயே இருக்கட்டும்.